டிரிப் ஆசிட், 100 மில்லிகிராம்: கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள்

ஆர்டர் போட்டு ஏழு வாரம் கழித்து மதுரை டீலர் ஒருவரிடமிருந்து வந்தது. கட்டைவிரல் அளவு சீசா, அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி, விலையை வீட்டில் சொல்ல முடியாது. "என்ன தம்பி, தங்க பஸ்பமா?" என்று கொண்டுவந்த அண்ணனே கேட்டார்.

தெரியாதவர்களுக்கு: இது ஒரு கைரல் பாஸ்பாரிக் அமிலம், அதாவது இடக்கை வலக்கை பேதமுள்ள வினையூக்கி; விளைபொருளிலும் ஒரு கையை மட்டும் அதிகமாக உண்டாக்கத்தான் இது. வேதியியலாளர்கள் அகியாமாவும் டெராடாவும் 2004ல் தனித்தனியாகத் தொடங்கிவைத்த குடும்பம், டிரிப் அதில் பென்யமின் லிஸ்ட் குழுவின் வாரிசு. இமீனுக்கு (கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்புள்ள சேர்மம்) புரோட்டானைக் கொடுத்துவிட்டு, இடக்கை வலக்கை பேதமுள்ள எதிரயனியாக (எதிர் மின்சுமையுள்ள துணை) அதன் பக்கத்திலேயே ஒட்டி நிற்கும், இமீனை ஒடுக்க வரும் ஹைட்ரைடு (எதிர்மின் ஹைட்ரஜன்) எந்தப் பக்கமாக வரலாம் என்பதை அதன் பருத்த ஐசோபுரொப்பைல் கிளைகள்தான் முடிவுசெய்யும். இதே எதிரயனியைத் தங்கத்தோடு சேர்த்து டோஸ்ட் குழு 2007ல் காட்டியதும் இந்த ஒட்டுறவை நம்பித்தான். அதனால் இந்த ஜோடியைப் பிரிக்காத டொலுயீன், பென்சீன் மாதிரி கரைப்பான்தான் சரி. ஆர்வக்கோளாறில், அயனிகளைப் பிரித்துவிடும் அசிட்டோநைட்ரைலில் ஒரு தடவை போட்டேன், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையின் கையை விட்ட கதைதான்.

சரி, சரக்குக்கு வருகிறேன். அசிட்டோபீனோன் இமீன், ஹைட்ரைடு கொடுக்கும் ஹான்ட்ஷ் எஸ்டர், டொலுயீன், 35 டிகிரி (மே மாத மதுரையில் இதற்குத் தனியாகச் சூடேற்ற வேண்டாம், மேஜைமேல் வைத்தாலே போதும்). இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பாதிகூட மாறவில்லை, ஹெச்.பி.எல்.சி.யில் (கலவையைப் பிரித்துக் காட்டும் கருவி) இடக்கை விளைபொருளுக்கும் வலக்கை விளைபொருளுக்கும் அண்ணன் தம்பி மாதிரி கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இரண்டு மேடு. டீலரைக் கேட்டால், "சார், சர்ட்டிபிகேட்ல 98 சதவீதம் போட்டிருக்கே, உங்க கைதான்" என்கிறார். மூன்று நாள் என் கையைத்தான் நானும் சந்தேகப்பட்டேன்.

விஷயம் என்னவென்றால், இந்த அமிலங்களை சிலிக்கா ஜெல்லில் சுத்தம் செய்யும்போது கால்சியம் மாதிரி உலோகங்களைப் பிடித்துக்கொண்டு உப்பாகிவிடும், கொடுக்கப் புரோட்டான் இருக்காது, பார்வைக்கு அதே வெள்ளைப் பொடி. டைகுளோரோமீத்தேனில் கரைத்து, 6 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு இரண்டு தடவை நன்றாகக் குலுக்கி, பிரித்து, வற்றவைத்தேன். 91 மில்லிகிராம்தான் தேறியது. ஆனால் அதே இமீன், அதே டொலுயீன், இந்தத் தடவை ஒரு மேடு நெட்டுக்குத்தாக, இன்னொன்று தரையோடு தரையாக. ஈ.ஈ. (ஒரு கை மற்றதைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்ற கணக்கு) 87.

ஒரு வினைக்கு 3.8 மில்லிகிராம்தான் ஆகிறது, இன்னும் பாதிச் சீசா இருக்கிறது. பொருளுக்கு நான்கு நட்சத்திரம், டீலருக்கு இரண்டு. அடுத்ததும் அவரிடம்தான் வாங்குவேன், எனக்குத் தெரிந்து முன்பணம் கேட்காமல் கொடுப்பவர் அவர் ஒருவர்தான்.