விற்றவர் யார்? மூன்று சட்டங்கள், மூன்று பதில்கள்

இணையச் சந்தையில் வாங்கிய பொருள் போலியானாலும் பழுதானாலும், "நாங்கள் கடை விரிக்க இடம் கொடுத்தவர்கள்தான், விற்றவர் வேறு" என்று நிறுவனங்கள் கைகழுவுவது வழக்கம். அந்தப் பதில் எந்த ஊரில் எவ்வளவு தூரம் எடுபடுகிறது?

இந்தியாவில் நன்றாகவே எடுபடுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு இடைநிலையாளருக்கு, அதாவது இதுபோன்ற தளங்களுக்கு, கவசம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விற்பனையாளரின் விவரத்தைக் காட்டவும் புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் சொல்கின்றன. தண்டனை வரும்போதுதான் சாயம் வெளுக்கிறது. தரக் கட்டுப்பாட்டு ஆணைக்கு உட்படாத 2,265 பிரஷர் குக்கர்கள் தன் தளத்தில் விற்கப்பட்டதற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் அமேசானுக்கு விதித்த அபராதம் 1 லட்சம் ரூபாய். அந்த விற்பனையில் அமேசான் பெற்ற கட்டணமோ 6 லட்சத்துக்கும் மேல்! குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டார்கள் என்பது ஓரளவு ஆறுதல்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு நியாயம். மடிக்கணினி பேட்டரி வெடித்த வழக்கில், கிடங்கில் வைத்திருந்து, பணம் வாங்கி, அனுப்பியும் வைத்த அமேசான் பொறுப்பேற்க வேண்டும் என்றது கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் (2020). பொருளின் உரிமை அமேசானிடம் இல்லையே என்று மறுவருடமே எதிர்த்திசையில் போனது டெக்சஸ் உச்ச நீதிமன்றம்.

ஐரோப்பிய ஒன்றியம் வாங்குபவரின் கண்ணால் பார்க்கிறது. 2026 டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வரும் பொருள் பொறுப்பு விதியின்படி, தளமே விற்பதாகச் சாதாரண நுகர்வோர் நம்பும்படி பொருள் காட்டப்பட்டு, ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கக்கூடியவர் யாரென்று கேட்டும் தளம் ஒரு மாதத்தில் சொல்லாவிட்டால், இழப்பீட்டுச் சுமை தளத்தின் தலையில் விழும்.

ஐரோப்பிய அளவுகோல் நேர்மையானதுதான். ஆனால் நுகர்வோர் என்ன நம்பினார் என்று வழக்கறிஞர்கள் வருடக்கணக்கில் வாதாடலாம். பொருள் யார் கிடங்கிலிருந்து வந்தது என்பதற்கோ ரசீது இருக்கும். அதனால் என் ஓட்டு கலிபோர்னியாவுக்கு. கிடங்கை மட்டுமே அளவுகோலாக வைத்தால் விற்பனையாளரே நேரடியாக அனுப்பும் சரக்கு தப்பிவிடும்; அத்தகைய சரக்குக்கும் அமேசானைப் பொறுப்பாக்கலாம் என்று அதே கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021இல் சொன்னது.

அப்படியொரு சட்டம் இங்கே வரும்வரை, 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். தீராவிட்டால் சொந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை. எதிர்த்தரப்பாக விற்பனையாளரோடு தளத்தின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.