பனி பாவம்: குன்னூரில் ஒரு கன்ட்ரோலர் ரிப்பேர்

குன்னூரில் எது கெட்டாலும் பழி பனியின் மேல்தான். அப்பளம் நமுத்தால் பனி, கேமரா லென்ஸில் பூஞ்சை பிடித்தால் பனி, அதில் நியாயமும் உண்டு. அதனால் என் கேம் கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் இடது ஸ்டிக்கைத் தொடாமலேயே ஆட்டக்காரன் தானாக மைதானத்தை விட்டு வெளிநடப்பு செய்ய ஆரம்பித்தபோது, ஈரம் இறங்கியிருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். சிரிக்காதீர்கள்.

அப்புறம் ஊட்டியில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன், பெயர் வேண்டாம். கிளீனர் ஸ்பிரே அடித்து, 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, "மலையில இருந்தா இப்படித்தான் தம்பி" என்று ஒரு தத்துவமும் சொல்லி அனுப்பினார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. பதினோராவது நாள் கார் ரேஸில் வண்டி இடது பக்கமே இழுத்தது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவிலும் இப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!

இந்த விமர்சனம் மூன்றாவது முயற்சியைப் பற்றியது. குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு ஆள் நிற்க இடமுள்ள செல்போன் ரிப்பேர் கடை, பெயர்ப் பலகைகூட இல்லை. கடைக்கார அண்ணா கன்ட்ரோலரைத் திறந்து, ஸ்டிக்கின் பக்கவாட்டில் இருந்த பச்சை மூடியைக் கழற்றி லென்ஸ் வைத்துக் காட்டினார். உள்ளே கருப்பான கார்பன் பூச்சு, அதன் மேல் ஒரு குட்டி உலோக நாக்கு உரசிக்கொண்டே போகிறது, உரசும் இடத்தைப் பொறுத்து வோல்டேஜ் மாறுகிறது, அதை வைத்துத்தான் ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று கன்ட்ரோலர் கணக்குப் போடுகிறது. பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குள் இருப்பதும் இதே பொட்டென்ஷியோமீட்டர்தான், அது கரகரப்பதும் இதே கோளாறுதான். என்னுடையதில் நடுப் பகுதியில் பூச்சு தேய்ந்து வெளிறிக் கிடந்தது. "பனி இல்ல தம்பி, நீங்க வெளையாடின வெளையாட்டு" என்றார்.

அதனால்தான் ஸ்பிரே நிலைக்கவில்லை. தூசியும் தேய்ந்து விழுந்த கார்பன் பொடியும் நகரும்வரை சரியாக இருக்கும், தேய்ந்த பூச்சை எந்த ஸ்பிரேயும் திரும்பக் கொடுக்காது. கேம் செட்டிங்கில் டெட்ஸோனை, அதாவது ஸ்டிக் நடுவில் லேசாக அசைந்தால் கண்டுகொள்ளாமல் விடும் அளவை, கூட்டலாம்தான், ஆனால் அது கோளாறை மறைக்கும், லேசாகத் திருப்பினால் வண்டி திரும்பாது. என் கன்ட்ரோலருக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை இது. நின்டெண்டோ ஸ்விட்ச்சின் ஜாய்கான் கன்ட்ரோலரிலும் ஸ்டிக் இப்படித் தானாக நகரும் 'டிரிஃப்ட்' விவகாரத்தில் நின்டெண்டோவின் தலைவரே 2020-ல் வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது.

அண்ணா போட்டுக் கொடுத்தது ஹால் எஃபெக்ட் ஸ்டிக். இதில் உரசல் கிடையாது, காந்தம் நகர்வதை சென்சார் தொடாமலேயே கண்டுபிடிக்கும். ஒன்றும் புதுசு இல்லை, சேகா கம்பெனியின் ட்ரீம்காஸ்ட் கேம் மெஷினின் கன்ட்ரோலரில் 1998-லேயே காந்த ஸ்டிக் இருந்தது. அப்புறம் ஏன் எல்லாரும் கார்பனையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று கேட்டால், விலை குறைவு என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

வேலை எப்படி? பழைய ஸ்டிக்கின் 14 கால்களிலும் சால்டரை எடுத்து, போர்டு கருகாமல் கழற்றியிருக்கிறார், சுத்தமான கை. அதைவிட முக்கியம், மாட்டியதோடு விடவில்லை. கம்ப்யூட்டரில் கேபிளால் இணைத்து நடுப்புள்ளியை மறுபடி பதிந்து, ஸ்டிக்கை முழுச் சுற்று சுற்றி வட்டம் சரியாக வருகிறதா என்று என் கண் முன்னாலேயே பார்த்தார். இதைச் செய்யாவிட்டால் புது ஸ்டிக்கும் முதல் நாளே ஒரு பக்கம் சாயும். எந்தக் கடைக்குப் போனாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

குறைகளும் உண்டு. நாளைக்கு வாங்க என்று சொல்லியே ஒன்பது நாள் இழுத்தார். பில் தரவில்லை. புது ஸ்டிக்கின் ஸ்பிரிங் பழையதைவிட இறுக்கம், முதல் வாரம் கட்டைவிரல் வலித்தது. ஹால் போட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லை என்று அவர் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம், ஸ்பிரிங் தளர்ந்தால் இதுவும் நடுவுக்குத் திரும்பாது. ஆனாலும் 750 ரூபாய்க்கு இது நியாயமான வேலை. நாலு மாதம் ஆகிறது, நடுவில் ஒரு முழு மழைக்காலமே போய்விட்டது, ஆட்டக்காரன் நிறுத்திய இடத்தில் நிற்கிறான்.

வலது ஸ்டிக்கையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று அண்ணா அப்போதே சொன்னார். காசு பார்த்து வேண்டாம் என்றேன். போன வாரத்திலிருந்து அந்த வலது ஸ்டிக் திருப்பும் கேமுக்குள் இருக்கும் கேமரா தானாக மெதுவாக ஆகாசத்தைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறது. போவதென்றால் இரண்டையும் ஒரே தடவையில் மாற்றிக்கொண்டு வாருங்கள்.