மானாவாரி வயலில் ஒரு மழைமானி: இரண்டு பருவங்களுக்குப் பிறகு

முதுகுளத்தூர் வட்டாரத்தில் எங்கள் நிலம் முழுவதும் மானாவாரி. ஆவணிக் கடைசியில் புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பதுதான் இங்கே விவசாயம். இராமநாதபுரம் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 827 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. ஆனால், பல நாள் பரவிப் பெய்ய வேண்டிய மழை இப்போது இரண்டு மூன்று நாளில் கொட்டிவிட்டு, கதிர் பிடிக்கும் சமயத்தில் ஒதுங்கிக்கொள்கிறது. இல்லையென்றால், 2021 ஜனவரியில் நடந்ததைப் போல, விளைந்த நெல் அறுவடைக்கு நிற்கும்போது வந்து சாய்த்துவிடுகிறது. ‘ஒரு உழவு மழை’ (ஒரு முறை உழும் அளவுக்கு ஈரம்) என்ற பழைய கைக்கணக்கு இதற்குப் போதவில்லை என்பதால், இணையத்தில் ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் மழைமானி வாங்கினேன்.

நான்கு அங்குல வாயுள்ள புனல், உள்ளே ஒரு குறுகிய அளவுக்குழல், அதைச் சுற்றி ஒரு பெரிய உருளை, அவ்வளவுதான் கருவி. குழலின் பரப்பு புனல் வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு என்பதால், ஒரு மில்லிமீட்டர் மழை குழலில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. கண்ணாடி போட்டவரும் தடுமாறாமல் படிக்கலாம். குழல் 25 மில்லிமீட்டரில் நிரம்பிவிடும். மிச்சம் வெளி உருளையில் சேர்வதால், அதைக் குழலில் ஊற்றி ஊற்றி அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும். வானிலைத் துறையின் வழக்கப்படி தினமும் காலை 8.30 மணிக்குப் படிக்கிறேன். மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தள்ளி நட வேண்டும் என்பதால் வரப்பு வேம்பை விட்டு விலக்கி நட்டேன். காக்கை உட்கார்ந்து அசுத்தம் செய்வதற்கு மட்டும் இதுவரை வழி காணவில்லை.

இதன் பயன் விதைப்புக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் மழை மண்ணை நனைத்த மகிழ்ச்சியில் போதும் என்று எண்ணியிருந்தேன். குழலில் இருந்ததோ 7 மில்லிமீட்டர். முளைவிடும் அளவுக்கு ஈரம் உண்டு, முளைத்ததைக் காப்பாற்றும் அளவுக்கு இல்லை. அதனால் மீதி நிலத்துக்கு வைத்திருந்த விதையைக் கொட்டாமல் நிறுத்தினேன். 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 40,000 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கு மனதில் பதிந்த பின், யூரியா எப்போது இடுவது, குண்டு மிளகாய்ப் பாத்தியில் வடிகாலை எப்போது வெட்டுவது என்பதையெல்லாம் ஊகத்தில் முடிவு செய்வதில்லை. மேக்தூத் செயலியின் முன்னறிவிப்பையும் பார்க்கிறேன்; ஆனால் அது வட்டாரத்துக்குச் சொல்வது, இது என் வயலில் விழுந்ததைச் சொல்வது. ஒரே மாலையில் எங்களுக்கு 38 மில்லிமீட்டர் பெய்தபோது, கண்மாய்க்கு அந்தப் பக்கம் சித்தப்பா வயலில் வெறும் தூறல்தான்.

குறைகளும் உண்டு. இந்த ஊர் வெயிலுக்கு உருளை ஒரே கோடையில் மஞ்சளாகிவிட்டது. குழலின் அளவுக்கோடுகள் அழியத் தொடங்கியதால் ஆணியால் கீறி வைத்திருக்கிறேன். விற்றவர்களுக்கு எழுதியும் பதில் இல்லை. தமிழில் ஒரு வரி விளக்கம்கூடப் பெட்டியில் கிடையாது. காப்பீட்டுக்கு இந்தக் குறிப்பேடு உதவும் என்று யாரும் நம்ப வேண்டாம். பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் மகசூல் இழப்பைத் தீர்மானிப்பதில் முக்கியமானது, மாதிரி வயல்களில் அறுத்து அளக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனை, அதுவும் தனி வயலுக்கு அல்ல, அறிவிக்கப்பட்ட பகுதிக்கு.

வாங்குபவர்கள் அளவுக்குழல் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் கெடுவது அதுதான்.