ஃப்யூச்சராமா திரும்பி வந்தாச்சு, எதில் பார்ப்பது?

சேலம் அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் சாப்பிட நின்றால், எங்கள் மூன்று பேர் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஃப்யூச்சராமாவில்தான் வந்து நிற்கும். 2013-ல் நின்றுபோன, முப்பத்தோராம் நூற்றாண்டில் நடக்கும் அந்த அமெரிக்கக் கார்ட்டூன் 2023 ஜூலையில் மறுபடி தொடங்கியதிலிருந்து, அதை எந்த வழியில் பார்ப்பது என்பதும் தீராத வழக்காகிவிட்டது. நான் சந்தா கட்டும் கட்சி. அம்மாப்பேட்டை நண்பன், திருட்டுப் பிரிண்டை இறக்கிப் பார்க்கும் டெலிகிராம் கட்சி. ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அண்ணன், பழைய டிவிடி பெட்டியை விடவே மாட்டார்.

டெலிகிராமுக்குச் செலவு கிடையாது, எபிசோடும் சுடச்சுட வந்துவிடும், போனில் இடமும் அடைக்காது. "கதை புரியுது, சிரிப்பு வருது, வேற என்ன மாப்ள வேணும்?" என்பான். மற்ற கார்ட்டூனுக்கு அது சரியாக இருக்கலாம். இதில் பாதி நகைச்சுவை பாத்திரங்களுக்குப் பின்னால், சுவரிலும் விளம்பரப் பலகையிலும் இருக்கிறது. வேற்றுக்கிரக எழுத்தில் எழுதியிருப்பார்கள். எழுத்துக்கு எழுத்து மாற்றிப் படிக்கிற முதல் வகையை ரசிகர்கள் சீக்கிரமே உடைத்துவிட்டதால், கணக்குப் போட்டால்தான் பிடிபடுகிற இரண்டாவது வகையைக் கொண்டுவந்தார்கள்.

ஒருநாள் கடையிலேயே இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 2010-ல் வந்த எபிசோட், மனசை உடம்பு விட்டு உடம்பு மாற்றும் இயந்திரக் கதை. ஒருமுறை மாறிய இரண்டு உடம்புகள் தங்களுக்குள் மறுபடி மாறிக்கொள்ள முடியாது. எத்தனை பேர் எப்படிக் கலந்து கிடந்தாலும், புதிதாக இரண்டு பேரைச் சேர்த்தால் எல்லாரையும் அவரவர் உடம்பில் சேர்த்துவிடலாம் என்று, எபிசோடை எழுதிய கென் கீலர் உண்மையாகவே தேற்றம் எழுதி நிரூபித்தார். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்த நிரூபணம் காட்சியில் பலகையில் இருக்கிறது. நண்பன் போனில் அந்த இடம் வெறும் பச்சைக் குழம்பல், மேலே குறுக்கே ஒரு சூதாட்டத் தளத்தின் பெயர். என் போனில் குறியீடுகளை வரிவரியாகப் படிக்க முடிந்தது. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு என் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

அதற்காகச் சந்தாவில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் காசு கட்டிய ஒரு செயலியில், பாதி பார்த்துக்கொண்டிருந்த தொடர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனது. மாதாமாதம் கட்டுகிறோம், கைக்கு எதுவும் சொந்தமில்லை என்கிற கோபம் நியாயமானது. ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னலை நம்பவும் முடியாது.

இந்த இடத்தில் அண்ணனின் டிவிடிதான் ஜெயிக்கும். வெளிநாட்டிலிருந்து சித்தப்பா வாங்கிவந்த பெட்டி அது. எழுதியவர்களும் குரல் கொடுத்தவர்களும் உட்கார்ந்து எபிசோடைப் பற்றிப் பேசும் ஒலித்தடமும் உண்டு. 2013-க்குப் பிறகு வந்தது மட்டும் அந்தப் பெட்டியில் இல்லை. ஆனால் 2003-ல் அமெரிக்க டிவி சேனலான ஃபாக்ஸ் முதல்முறை கைவிட்ட தொடர் திரும்பியதற்கே டிவிடி விற்பனையும் இரவு நேர மறுஒளிபரப்பும்தான் வழிவிட்டன. 2007 முதல் 2009 வரை நான்கு படங்கள் நேராக டிவிடிக்கே வந்தன. 2005-ல் ஃபேமிலி கை என்ற இன்னொரு கார்ட்டூன் திரும்பிய கதையும் கிட்டத்தட்ட இதேதான். அண்ணனைப் போலக் காசு கொடுத்து வாங்கியவர்கள் இல்லையென்றால் நாங்கள் பேச இன்றைக்கு ஒன்றும் இருந்திருக்காது.

பழசா புதுசா என்றால் எனக்குப் பழசு. 2002-ல் வந்த, கண்கலங்க வைக்கும் நாய்க் கதையை அண்ணன் இன்னமும் தனியாகப் பார்க்க மாட்டார். புதியதில் தடுப்பூசி, கிரிப்டோ என்று அந்தந்த வருஷத்துச் செய்தியைத் துரத்துகிறார்கள். அந்தச் சிரிப்பு சீக்கிரம் ஆறிவிடுகிறது. பெண்டர் என்கிற ரோபோவின் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குக் குரல் கொடுக்கும் ஜான் டிமாஜியோ, 2022-ல் சம்பளப் பேச்சு முடியாமல் ஒதுங்கியிருந்து மார்ச்சில்தான் சேர்ந்தார். அவர் இல்லாமல் பெண்டர் கிடையாது என்று எங்களில் அதிகம் கொதித்தவன் டெலிகிராம் நண்பன்தான். அதைத்தான் அவனிடம் கேட்டேன்: நீ பார்க்கிற பிரிண்டில் அவருக்கு என்னடா போகுது?

ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்த இடம். ஒரு படத்தை நம்பி எத்தனை அடுப்பு எரியும் என்று இந்த ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போதைக்கு ஓர் ஏற்பாடு. புதிய சீசனுக்கு மூன்று பேரும் காசு போட்டு ஒரே சந்தா, என் வீட்டு டிவியில். பழையதற்கு அண்ணன் வீடு. போன ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினோம். நண்பன்தான் டிஸ்கை எடுத்து, சட்டைத் துணியில் துடைத்து, ப்ளேயரில் போட்டான். பலகை வரும் இடத்தில் அவனே நிறுத்தினான்.