வாட்ஸ்அப் வசூலா, மாதம் 10 வெள்ளியா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், செய்தி இப்போதெல்லாம் முதலில் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு படம், பக்கத்தில் அடையாள கார்டு, கீழே வங்கிக் கணக்கு எண். சில நேரம் இரண்டே நாளில் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். சில நேரம் 50 வெள்ளியோடு (ரிங்கிட்) நின்றுவிடும். எது ஓடுகிறது, எது நிற்கிறது என்பதற்கும் அந்த வீட்டின் கஷ்டத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. படத்தில் குழந்தை இருந்தால் ஓடும். அறுபது வயது ஆம்பளை, அதிலும் முன்பு குடித்தவர் என்றால், ஒருத்தரும் அனுப்ப மாட்டார்கள்.

இதற்குப் போட்டியான வழி ஒன்று உண்டு. கொஞ்சம் பேர் மாதாமாதம் 10 வெள்ளி போட்டு ஒரு பொது நிதி வைத்துக்கொண்டு, கேட்டு வருகிறவருக்கு அதிலிருந்து சின்னத் தொகையாகக் கொடுப்பது. இரண்டு பக்கமும் நான் நின்று பார்த்திருக்கிறேன். சில வருஷம் ஆளுக்கு ஆள் வசூல் செய்தேன். அப்புறம் ஒரு சின்ன நிதிக்குக் கணக்கு எழுதினேன்.

வாட்ஸ்அப்புக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். வேகத்தில் அதை எதுவும் மிஞ்ச முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சாவு, பெட்டிக்கும் வண்டிக்கும் காசு இல்லை என்றால், எந்தக் குழுவின் கூட்டத்துக்காகவும் காத்திருக்க முடியாது. வீடு எரிந்துபோனாலும் அப்படித்தான். அங்கே படமும் வேண்டும், பரபரப்பும் வேண்டும்.

ஆனால் இந்த ஊரில் வருகிற தேவைகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை இல்லை. கரண்டு பில் மூன்று மாதம் பாக்கி, பள்ளி பஸ் காசு, பிள்ளைக்குக் கண்ணாடி. எல்லாவற்றையும்விட, ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவு. அரசாங்க ஆஸ்பத்திரியில் சாதாரண வைத்தியத்துக்கு 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. மருத்துவம் மலிவு, அங்கே போய்ச் சேருவதுதான் மலிவில்லை. ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று தடவை அங்கே போக வேண்டியவருக்கு, வண்டி போக வர 40 வெள்ளி என்று வைத்தாலும் மாதம் 500-ஐத் தாண்டுகிறது. வண்டி வாடகைக்காக யாராவது தன் படத்தை ஊர் முழுக்க அனுப்பச் சொல்வார்களா?

ஒரு பாட்டியிடம் நான் கேட்டே பார்த்தேன். "தம்பி, என் படத்த போட்றாத. முப்பது வருசம் பால்மரம் வெட்டுனவ நானு. கை நீட்டுனேன்னு பேரு வேணாம்" என்றார். அந்தக் காலத்து ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் எதுவும் நடந்திருக்காது, யாரும் கேட்க வேண்டிய அவசியமும் இருந்திருக்காது. தோட்டம் போய், அடுக்குமாடி வீட்டின் நாலாவது மாடிக்கு வந்த பிறகு, கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைக்கிறது. கூச்சப்படுகிறவருக்குக் கிடைப்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு பொது நிதிக்கு.

வாட்ஸ்அப்பில் இன்னொரு தொல்லை, பணம் அதிகமாகச் சேர்ந்துவிடுவது. ஒரு பையனின் அறுவை சிகிச்சைக்காக நாங்கள் வசூல் செய்தோம். அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே செலவு கொஞ்சத்தில் முடிந்துவிட்டது. மீதிப் பணத்தை என்ன செய்வதென்று யாரும் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. அந்தக் குடும்பம் புது மோட்டார் சைக்கிள் வாங்கியதும் ஊர் பேச ஆரம்பித்தது. அவர்கள் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை, கணக்கே வைக்காமல் வசூலித்த எங்கள் மேல்தான்.

பொது நிதியிலும் ஓட்டை உண்டு, மறைக்கவில்லை. முதல் வருஷம் எங்களிடம் மாதம் ஒரு கூட்டம், மூன்று பக்க பாரம், ஒன்பது பேர் குழு. "அவன் யார் வீட்டுப் பிள்ளை?" என்று ஒருத்தர் கேட்பார், அதோடு அரை மணி நேரம் போய்விடும். அரசாங்க இலாகாவின் மெத்தனத்தைத் திட்டிவிட்டு நாங்களே ஒரு குட்டி இலாகா நடத்திக்கொண்டிருந்தோம். பிறகு மாற்றினோம்: 200 வெள்ளி வரைக்கும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் மறுநாளே கையில் காசு. அதற்கு மேல் என்றால்தான் கூட்டம். சந்தா கட்டுகிறவர்களுக்குப் போகும் மாதக் கணக்கில் பெயர் கிடையாது, "வண்டி வாடகை 160" என்று மட்டும் இருக்கும்.

60 பேர் 10 வெள்ளி போட்டால் வருஷத்துக்கு 7,200. தலைக்கு 200 என்றால் 36 தடவை உதவலாம். விருந்து வைத்துத் திரட்டலாமே என்பார்கள். மண்டபம், பாட்டுக்குழு, கூப்பன் அச்சு என்று போக மிஞ்சுவதைப் பார்த்தால் வயிறு எரியும். நாங்கள் உணவு விற்பனையும் போட்டுப் பார்த்தோம். சாமான், கூடாரம், நாற்காலி வாடகை போக வசூலில் பாதிதான் நின்றது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சமைத்த பெண்களின் கூலியை யாரும் கணக்கில் சேர்க்கவும் இல்லை.

10 வெள்ளி என்றால் இந்த ஊருக்குப் பழைய கணக்கு. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற, தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், 1960-ல், சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித்தான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது தோட்டம் வாங்க, இது வண்டி வாடகைக்கு. ஆனாலும் பெரியவர்களிடம் சந்தா கேட்கும்போது அந்தக் கதை நன்றாகவே வேலை செய்கிறது.

அரிசி மூட்டை கொடுப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். கொடுக்கிறவருக்குப் படம் நன்றாக வரும். கடனாகக் கொடுப்பதும் எங்களுக்கு ஒத்துவரவில்லை, திருப்பித் தர முடியாதவர் நம்மைக் கண்டால் பாசார் சந்துக்குள் நுழைந்துவிடுகிறார். கூட்டு (சீட்டு) பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால், 1971-லேயே அதைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது என்பதை ஞாபகப்படுத்துங்கள். நம் "கூட்டு" என்ற சொல்தான் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே நிற்கிறது.

சட்டம் என்றதும், வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிப்பதற்கு 1947-ம் வருஷச் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். 7 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நடத்தினால் 1966-ம் வருஷச் சங்கச் சட்டத்துக்குள் வந்துவிடுவோம், பதிவு செய்ய வேண்டும். பதிவு இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு திறக்கலாம். பொருளாளரின் சொந்தக் கணக்கில் பணம் கிடந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு நாள் சந்தேகம் வரும்.

நிதி அதிகம் உதவியது நாங்கள் எதிர்பார்க்காத ஓர் இடத்தில். சமூகநல இலாகாவில் மனு போட்ட நாளுக்கும் முதல் மாத உதவி கையில் கிடைக்கும் நாளுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. விசாரணைக்கு ஆள் வர வேண்டும், பத்திரம் எடுக்க வேண்டும். அந்த வாரங்களில்தான் ஒரு வீடு சரிந்து போகும். 200 வெள்ளி அங்கே பெரிய பணம்.

போன வருஷம் ஆகஸ்டிலேயே எங்கள் நிதி காலி. வேறு வழியில்லாமல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டேன், யாருடைய படமும் இல்லாமல்: "நிதியில் 40 வெள்ளிதான் இருக்கிறது." மூன்று பேர் பணம் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் ஏற்கனவே மாதம் 10 கட்டுகிறவர்கள்.