கோஸ்ஃபோர்டு அருங்காட்சியகம்: கோமெட் விமானத்துக்காகவே போகலாம்

இங்கிலாந்தின் கோஸ்ஃபோர்டு விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனால் மெஸ்ஸர்ஷ்மிட் 163 கோமெட்டைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். நுழைவு இலவசம், வண்டி நிறுத்தத்தான் கட்டணம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட ராக்கெட் விமானம் இது, நீளம் 6 மீட்டர்கூட இல்லை. இதில் என்ன ஊற்றினார்கள் தெரியுமா? ஒரு தொட்டியில் 80 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, இன்னொன்றில் மெத்தனாலும் ஹைட்ரசின் ஹைட்ரேட்டும் தண்ணீரும் கலந்த திரவம். இரண்டும் தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீப்பொறியே வேண்டாம். விமானியின் இருக்கைக்கு இருபுறமும் அந்தப் பெராக்சைடு தொட்டிகள்! கசிந்தால் துணி பற்றும், தோல் வெந்துபோகும். சக்கரங்களைக் கழற்றிவிட்டு மேலே ஏறி, ஏழெட்டு நிமிடத்தில் எரிபொருள் தீர்ந்து, வெறும் சறுக்குக்கட்டையில் வந்து இறங்கும்போது மிச்சம் கொஞ்சம் இருந்தாலும் வெடிக்கலாம். இதில் ஏறிய இளம் விமானிகளை நினைத்தால் மனசு கனத்துப்போகிறது.

அப்புறம், அதே ஹைட்ரசின் ஹைட்ரேட் இன்றைக்கும் நம் பி.எஸ்.எல்.வி.யின் விகாஸ் எஞ்சின் எரிபொருளில் கால் பங்கு இருக்கிறது. அந்த எஞ்சினைச் சோதிப்பது நம் மகேந்திரகிரியில்தான். வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள், கோமெட்டுக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.