இரும்பு ஷெட்டா, மரக் கொட்டகையா, கல் கட்டடமா? நிலத்தில் பட்டறையும் கிடங்கும் கட்டுமுன் ஓர் அலசல்

ஊரை விட்டுத் தள்ளி நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் பெரிய கூரை ஒன்று தேவைப்பட்டே தீரும். டிராக்டர், டிரெய்லர், உரமூட்டை, வைக்கோல், குழாய்கள், மிச்சமான மரச்சட்டங்கள் எல்லாம் வெயிலிலும் மழையிலும் கிடந்து வீணாவதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? கட்டுவதுதான் கட்டுகிறோம், வெல்டிங் வைக்கவும் மரவேலை செய்யவும் அதிலேயே ஒரு பட்டறையும் இருக்கட்டும் என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் அங்கேயே சிக்கலும் தொடங்குகிறது.

கிடங்குக்கும் பட்டறைக்கும் வேண்டியவை வேறு வேறு. கிடங்குக்கு நடுவில் தூண் இல்லாத அகலம், உயரமான வாசல், காற்றோட்டம், குறைந்த செலவு இவை போதும். தரை மண்ணாகவே இருந்தாலும் பெரிய குறையில்லை. பட்டறைக்கோ சமமான கெட்டித் தரை, நல்ல வெளிச்சம், மின்சாரம், தூசி புகாத சுவர், பூட்டினால் பூட்டியதாக இருக்கும் கதவு எல்லாம் வேண்டும். ஒரே பொருளால் இரண்டையும் கட்டினால், ஒன்று கிடங்குக்குத் தேவையில்லாத செலவு செய்வோம், இல்லையென்றால் வேலை செய்யவே பிடிக்காத பட்டறை கிடைக்கும். மரம், கன்டெய்னர், கல், இரும்பு என நான்கு வழிகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

மரத்தூண் கொட்டகை

மண்ணில் குழி தோண்டி, மருந்தேற்றிய மரத்தூண்களை இறக்கி, மேலே டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) ஏற்றி ஷீட் போடுவது. தொடர் அஸ்திவாரம் வேண்டாம், கிரேன் வேண்டாம், ரம்பமும் சுத்தியலும் பிடிக்கத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் வேலை நகரும். தூண்களுக்கு இடையே சுமார் 2.4 மீட்டர் விடுவது வழக்கம். நல்ல மரம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் நிலத்தில் இதைவிடச் சிக்கனமான வழி குறைவு. பட்டறைச் சுவரில் ஆணி அடிக்க, அலமாரி மாட்ட, மரம் கொடுக்கும் வசதியும் இரும்பில் வராது.

பலவீனம் ஒரே இடத்தில்தான்: தூண் மண்ணுக்குள் நுழையும் இடம். ஆழத்தில் காற்று இல்லை, மேலே ஈரம் இல்லை. தரைமட்டத்தை ஒட்டி ஒரு சாண் அளவுக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சைக்கு இந்த இரண்டும்தான் வேண்டும். பழைய கொட்டகை ஒன்றில் தூணைச் சுற்றி மண்ணைச் சற்று விலக்கி, திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே திருப்புளி பிடி வரை உள்ளே போகும். கரையான் உள்ள மண்ணென்றால் கேட்கவே வேண்டாம். இதற்கு மாற்று உண்டு. கான்கிரீட் பீடம் போட்டு, அதில் பதித்த இரும்புப் பிடிப்பின் மேல் தூணை நிறுத்தலாம். ஆனால் மண்ணில் புதைந்த தூணுக்குத் தானாகக் கிடைக்கும் பக்கவாட்டுப் பிடிப்பு இதில் போய்விடும், குறுக்குச் சட்டங்களால் அதை ஈடுகட்ட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தால் மரத்தின் மலிவு பாதி கரைந்துவிடும்.

தீ விஷயத்தில் பலரும் நினைப்பதற்கு மாறாக ஒன்று உண்டு. தடித்த மரம் நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டர் அளவில் மெதுவாகத்தான் கரியாகும். உள்ளே இருக்கும் மரம் அதுவரை பாரம் தாங்கும். பாதுகாப்புப் பூச்சில்லாத இரும்பு 550 டிகிரி செல்சியஸ் அளவில் ஏறக்குறைய பாதி வலுவை இழந்து வளைந்துவிடும். இதனால் மரம் தீப்பிடிக்காது என்றாகாது. இரும்பு தீக்கு அஞ்சாதது என்ற நம்பிக்கையில் அதற்குள் வைக்கோலையும் டீசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கன்டெய்னர்

பழைய கப்பல் கன்டெய்னரை வாங்கி இறக்கிவிட்டால் அன்றைக்கே பூட்டி வைக்கலாம். திருட்டுப் பயம் உள்ள இடத்தில் இதற்கு ஈடு கிடையாது. கருவிகளைப் பூட்டி வைக்க இதை மனதாரச் சொல்வேன். பட்டறையாக வேண்டாம். உள் அகலம் 2.35 மீட்டர்தான். 2.44 மீட்டர் நீளமுள்ள ஒரு முழு பிளைவுட் பலகையை உள்ளே குறுக்காகத் திருப்பக்கூட முடியாது. ஒரு பக்கம் 60 செ.மீ. மேசை, எதிர்ப்பக்கம் 45 செ.மீ. அலமாரி வைத்தால் மிஞ்சுவது நடைபாதை. அகலப்படுத்தப் பக்கச் சுவரை வெட்டினால், அந்த நெளிவுச் சுவர்தான் பெட்டியை விறைப்பாக வைத்திருக்கிறது என்பதால் வெட்டிய இடத்தில் இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும். இரண்டு கன்டெய்னர்களை எதிரெதிரே நிறுத்தி நடுவில் கூரை போடுவது மட்டும் கெட்டிக்கார யோசனை. அப்போதும் மூலைகளுக்குக் கீழே திடமான பீடம் வேண்டும், ஏனென்றால் பாரம் முழுவதும் நான்கு மூலைத் தூண்களில்தான் இறங்கும்.

கல் கட்டடம்

செங்கல்லோ ஹாலோ பிளாக்கோ, பட்டறைக்கு இதுதான் அரசன். வெயிலின் சூடு சுவரைத் தாண்டி உள்ளே வர நேரம் பிடிக்கும். கிரைண்டர் சத்தம் வெளியே குறையும். எலி, பாம்பு புகும் இடுக்குகள் குறைவு. சுவரில் வைஸ் மேசையை இறுக்கிவிட்டால் அசையாது.

கிடங்குக்கு இதே சுவர் பெரும் செலவு. 400 × 200 × 200 மில்லிமீட்டர் பிளாக்கில் ஒரு சதுர மீட்டர் சுவருக்கு 12, 13 கற்கள் போகும், எடை 200 கிலோவைத் தாண்டும். அதே பரப்பை மூடும் இரும்பு ஷீட்டின் எடை 5 கிலோ அளவுதான். அத்தனை எடையையும் தாங்கச் சுவர் நெடுக அஸ்திவாரம் வேண்டும். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் களிமண் நிலமென்றால் அஸ்திவாரச் செலவே அடிமடியில் கை வைக்கும், மிச்சம் பிடித்தால் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும். டிராக்டர் நுழைய 3.6 மீட்டர் வாசல் விட்டால் அதற்கேற்ற கனமான லிண்டல் (வாசலுக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் உத்தரம்) போட வேண்டும். அப்புறம் நாளை நீளம் கூட்ட நினைத்தால் இடித்துத்தான் கூட்ட வேண்டும்.

இரும்பு ஷெட்

தூண், டிரஸ், பர்லின் (டிரஸ்களுக்கு இடையே ஓடி ஷீட்டைத் தாங்கும் சட்டம்), ஷீட். நடுவில் தூணே இல்லாமல் 12, 15 மீட்டர் அகலம் எளிதாகத் தாண்டும். தூண் வரிசைகளுக்கு இடையே 5, 6 மீட்டர் விடலாம் என்பதால் குழிகளும் குறைவு. போல்ட் போட்டு இணைத்த சட்டமென்றால், கடைசி வரிசைக்கு அப்பால் இன்னும் ஒன்று நிறுத்தி நீட்டிக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களின் நிலத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஆனால் இரண்டு விஷயங்களில் கவனம் பிசகினால் இது கட்டியவரைப் படாதபாடு படுத்தும்.

முதலாவது காற்று. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் அது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ. மேலே சொன்ன 5 கிலோ ஷீட்டை நினைத்துப் பாருங்கள். கூரை விழுவதைவிட அது பறப்பதுதான் இங்கே பயம். முகட்டிலும் ஓரங்களிலும் காற்று உறிஞ்சி இழுக்கும் விசை இன்னும் கூடுதல். காற்று வரும் பக்கம் பெரிய கதவு திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். ஆகவே இரும்பு ஷெட்டின் அஸ்திவாரத்தில் கான்கிரீட்டைக் குறைக்காதீர்கள். இலேசான கட்டடம்தானே, சின்னக் குழி போதாதா என்று கேட்பவருக்குப் பதில் இதுதான்: அந்தக் குழியில் உள்ள கான்கிரீட்தான் கட்டடத்தைப் பிடித்து வைக்கும் எடை. ஆங்கர் போல்ட் (தூணைக் கான்கிரீட்டோடு பிணைப்பது), குறுக்கு பிரேசிங் (சட்டம் சாயாமல் பிடிக்கும் சாய்வுக் கம்பிகள்), ஓரங்களில் நெருக்கமான ஸ்குரூ இவற்றில் மிச்சம் பிடிப்பது மிச்சமே ஆகாது.

இரண்டாவது கூரையின் உட்புறம் வியர்ப்பது. தெளிந்த இரவில் ஷீட் தன் சூட்டை வானத்துக்கு விட்டு வேகமாகக் குளிரும். உள்ளே 25 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதமுள்ள காற்று இருந்தால், 17 டிகிரிக்குச் சற்றுக் கீழே வந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். விடியற்காலையில் பர்லின் ஓரமாகத் திரண்டு சொட்டும். சொட்டுவது டிரில்லிங் மெஷினின் மழுமழுப்பான மேசையில் என்றால், மதியத்துக்குள் அங்கே ஆரஞ்சு நிறப் புள்ளிகள். எண்ணெய் தடவாத உளி, ரம்பப் பல், திருகு மரையுள்ள எல்லாவற்றுக்கும் இதே கதி. முகட்டில் காற்று வெளியேற வழி, கூரையின் கீழ் ஓரமான இறவாணத்தில் உள்ளே வர வழி, ஷீட்டுக்கு அடியில் வெப்பத்தடுப்பு அல்லது ஈரம் உறிஞ்சும் பூச்சு இவை இல்லாத இரும்புக் கூரையின் கீழ் நல்ல கருவிகளை வைக்காதீர்கள். தரைக்கு அடியில் பாலித்தீன் விரிக்காமல் கான்கிரீட் போட்டால் மண்ணின் ஈரமும் இதில் சேரும்.

உரமூட்டையை ஷீட்டை ஒட்டி அடுக்குவதும் தவறு. உரத்தின் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பி அதற்கு மேல் ஷீட் போடுவது இதற்கும், வண்டி பின்னால் வந்து இடிப்பதற்கும், தரையில் தெறிக்கும் மழைநீருக்கும் சேர்த்தே தீர்வு.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மொத்தத்துக்கும் இரும்புச் சட்டமும் ஷீட் கூரையும். சுற்றிலும் இடுப்பளவு சுவர். ஒரு முனையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிளாக் சுவரால் அடைத்துப் பட்டறையாக்கலாம். அந்த நடுச்சுவர் கூரை வரை இடைவெளியின்றி ஏற வேண்டும். வெல்டிங் பொறி 11 மீட்டர் வரை கூடப் பறந்து விழலாம் என்று கணக்கில் கொள்வது தீயணைப்பு வழக்கம். மறுபக்கம் இருப்பது வைக்கோல். அதிலும் 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தோடு கட்டி அடுக்கிய வைக்கோல் பொறி எதுவும் இல்லாமலே உள்ளுக்குள் சூடேறும்.

கைவசம் காடு உள்ளவருக்கும், தானே கட்ட ஆசைப்படுபவருக்கும் மரம் சரி, கான்கிரீட் பீடத்தின் மேல் நிறுத்தினால். கிடங்கு தேவையே இல்லை, பட்டறை மட்டும்தான் என்பவர் யோசிக்காமல் கல்லுக்குப் போகலாம். கன்டெய்னர், கட்டுமானம் நடக்கும் காலத்தில் பொருள் பூட்டி வைக்க.

பணம் தவணையாகத்தான் வரும் என்றால் வரிசை முக்கியம். தண்ணீர் நிற்காத மேட்டில் இடம் பார்த்து, அஸ்திவாரமும் சட்டமும் கூரையும் முழு அளவுக்கு முதலில். பக்கங்களை அடைப்பது பிறகு ஆகட்டும், ஆனால் பாதி அடைத்த ஷெட்டில் காற்றின் விசை முழுதும் அடைத்ததிலிருந்து மாறும் என்பதைக் கட்டுபவரிடம் முன்பே சொல்லி ஆங்கரைக் கணக்கிடச் சொல்லுங்கள். அடுத்தது பட்டறைத் தரை: வெறும் வேலைக்கு 100 மி.மீ., டிராக்டர் ஏறுமென்றால் 150 மி.மீ. 100 மி.மீ. தளத்தை இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஒருமுறை, தடிப்பில் கால் பங்கு ஆழத்துக்கு வெட்டிவிட்டால் விரிசல் வெட்டிய கோட்டிலேயே ஓடும். கிடங்குப் பக்கம் இறுக்கிய ஜல்லி சில வருடம் தாங்கும். மின் கம்பிக்கான குழாய்களைக் கான்கிரீட் ஊற்றுமுன் பதித்துவிடுங்கள், இன்று தேவைப்படாத மூலைக்கும் சேர்த்து. கூரைத் தண்ணீருக்கு வடிகாலும் அப்போதே. 150 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 7,500 லிட்டர் இறங்கும். அதைத் தொட்டிக்கு விட வழி இல்லையென்றால், இவ்வளவு பார்த்துப் பார்த்துப் போட்ட தூண் பீடங்களின் அடியிலேயே அது மண்ணை அரிக்கும்.